கல்யாணம் ஆகிவிட்டதா?

திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்தது ஒண்டுக்குடித்தன வீடு. நடுவில் முற்றம், ஒரு கிணறு, ஒரு கை பம்பு, சுற்றி ஆறு குடும்பங்கள். 1970-களில் அந்த வீட்டில் வேலைக்குப் போகிற பெண்கள் யார் என்று கேட்டால் பெரியவர்கள் இரண்டு பேரைச் சொல்வார்கள். மாடி அறையில் தன் அம்மாவோடு இருந்த டெலிபோன் அக்கா ஒருவர். வாசல் அறையில் தனியாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்த டீச்சர் பாட்டி இன்னொருவர்.

என் அம்மா தையல் மெஷினில் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தார். தீபாவளிக்கு முந்தின மாதம் இரவு ஒரு மணி வரை மெஷின் ஓடும். எதிர் அறை மாமி அப்பளம் இட்டு முற்றத்தில் காய வைத்து, மளிகைக் கடைக்கு எண்ணிக் கொடுப்பார். பூக்காரம்மா விடியுமுன் பூக்கடைக்குப் போய் உதிரிப்பூ வாங்கிவந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தொடுத்து, தெருத் தெருவாகப் போய் முழம் போடுவார். ஆயா ஆறு குடித்தனத்தின் பத்துப்பாத்திரத்தையும் கிணற்றடியில் குவித்துத் தேய்ப்பார். இவர்களில் ஒருவரையும் யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

1981-ல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அப்பாதான் பதில் சொன்னார். அம்மாவைப் பற்றிக் கேட்டபோது, “அவ வீட்லதான் இருக்கா” என்றார். வாத்தியார் எழுதிக்கொண்டார். அம்மா மெஷினை நிறுத்திவிட்டு அவருக்குக் காபி போட எழுந்து போனார். அந்த மாதம் அப்பாவின் சம்பளம் வருவதற்குள் அரிசி தீர்ந்து, ரவிக்கைக் காசில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அப்பா நல்லவர், அம்மாவின் உழைப்பை அறிந்தவர். ஆனாலும் அந்தப் பதிலைத் தவிர வேறொன்று அவர் வாயில் வந்திருக்காது. அந்த நகரத்தில் பெண்ணின் வேலை என்றால் அதற்கு ஓர் ஆபீஸ் வேண்டும், ஒரு நாற்காலி வேண்டும், முதல் தேதி ஒரு கவர் வேண்டும்.

அப்படிக் கவர் வாங்கிய இருவருக்கும் கணவன் இல்லை என்பதை அப்போது நான் கவனித்தேனா என்று ஞாபகமில்லை. இப்போது நினைக்க நினைக்க அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

டீச்சர் பாட்டி குழந்தையாக இருந்தபோதே கல்யாணமாகி, பதினான்கு வயதில் தாலி அறுத்தவர். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் கடற்கரை ஐஸ் ஹவுஸ். அங்கே சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகள் இல்லத்தில் தங்கிப் படித்துத்தான் இவர் ஆசிரியை ஆனார். சுப்புலட்சுமியும் குழந்தை விதவை. 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவை. மறு வருஷமே எழும்பூரில் நாலு சிறுமிகளோடு ஒரு வீட்டில் ஆரம்பித்ததுதான் பிறகு ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. அன்றைய அரசாங்கத்துக்குப் பெண் ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். ஆண் வாத்தியாரிடம் வயசுப் பெண்களை யாரும் அனுப்பமாட்டார்கள். கல்யாணமான பெண்கள் வீட்டை விட்டு வரமாட்டார்கள். மீதி இருந்தது, மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த இந்தச் சிறுமிகள்தான். சுப விசேஷத்தில் முன்னால் வரக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட பெண்களையே கூப்பிட்டு, ஊர்க் குழந்தைகளுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடு என்று இந்த நகரம் கேட்டது.

டீச்சர் பாட்டி அதைத் துக்கமாகச் சொன்னதில்லை. “என் ஆம்படையான் இருந்திருந்தா நான் கும்பகோணத்துல மாவு அரைச்சிண்டிருப்பேன்” என்பார். எங்கள் தெருவில் சொந்தச் சம்பாத்தியத்தில் பேப்பர் வாங்கிப் படித்த ஒரே பெண் அவர். அவரிடம் எனக்கு மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் மாதச் சம்பளமும் வாழ்க்கையும் ஒரே பெண்ணுக்குச் சேர்ந்து கிடைக்காது என்பது அவர் பேச்சில் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி சாதாரணமாக வந்து போகும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

டெலிபோன் அக்கா எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போர்டில் இருந்தார். காதில் ஹெட்செட், எதிரே ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை, கை நிறைய கயிறு என்று எங்களுக்கு நடித்துக் காட்டுவார். மதுரைக்குப் பேச வேண்டுமானால் ட்ரங்க் கால் புக் செய்து மணிக்கணக்காகக் காத்திருக்கிற காலம். ஊரில் யார் செத்தார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அக்காவின் காது வழியாகத்தான் போயிற்று. ஸ்பிலிட் டூட்டி என்று காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம். இரவு ஒன்பதரைக்குப் பல்லவன் பஸ்ஸில் இறங்கித் தெருவில் நடந்து வருவார். திண்ணைப் பேச்சு அப்போது ஒரு கணம் நிற்கும். அவர் மாடி ஏறி விளக்குப் போட்ட பிறகு மறுபடி தொடங்கும்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த ஒவ்வொரு குடும்பமும் கேட்ட கேள்வி: “கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடுவா இல்லையா?” அக்கா விடவில்லை, கல்யாணமும் நடக்கவில்லை. பத்து வருஷம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கேள்வி தலைகீழாகிவிட்டது. “வேலையை விட்டுடமாட்டாளே?” என்றார்கள். விலைவாசி ஏறியிருந்தது. ஒரு சம்பளத்தில் வாடகைக்கே காணாது. பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரங்களில் வேலை பார்க்கும் பெண் விரும்பப்படும் என்று வர ஆரம்பித்தது. இரண்டு முறையும் கேள்வி கேட்டவர்கள் மாப்பிள்ளை வீட்டார். இரண்டு முறையும் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீடுதான் இப்படி, ஆபீஸ் பரவாயில்லை என்று நினைக்க வழியில்லை. நாட்டின் வெளியுறவுப் பணியிலேயே கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. 1949-ல் அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா நம் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். பதவி உயர்வு மறுக்கப்பட்டு அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாரபட்சத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். செய்தி வந்த பேப்பரை டீச்சர் பாட்டி மடித்து வைத்திருந்து, மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்ததும் கையில் கொடுத்தார். அக்கா நின்றபடியே படித்து முடித்து, பேப்பரைத் தன்னோடு எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

அந்த நாட்களில்தான் நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன். பைகிராப்ட்ஸ் ரோடில் மாடிக்கு மாடி இன்ஸ்டிட்யூட். காலை ஆறு மணிக்கே ரெமிங்டனும் ஹால்டாவும் தடதடவென்று அடிக்கிற சத்தம் தெருவரை கேட்கும். பாதிக்குப் பாதி பெண்கள். கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத வீடுகளிலும் டைப் கிளாஸ் ஃபீஸ் மட்டும் எப்படியோ வந்துவிடும். லோயர், ஹையர், ஷார்ட்ஹேண்ட் என்று மூன்று சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, தனியார் கம்பெனிகளின் படியேறுவோம். ஒரு தலைமுறை கீழ்நடுத்தரக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை அந்த டைப்ரைட்டர்கள். அவற்றைப் பற்றி இந்த நகரத்தில் ஒரு நினைவுச் சின்னம்கூட இல்லாதது எனக்குப் பெரிய குறை.

பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டெனோ வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் டிக்டேஷன் கொடுக்குமுன் கேட்ட முதல் கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா என்பது. ஆகவில்லை என்றேன். நல்லது என்று சொல்லி நோட்டை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு மூத்தவராக அங்கே இருந்த ஒரு அக்காவுக்கு நிச்சயமானதும் எல்லோரும் காசு போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். அன்று மாலையே அவருடைய ராஜினாமா கடிதம் டைப் செய்யப்பட்டு அவர் கையெழுத்துக்காகத் தயாராக இருந்தது. எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் கிடையாது. அதுதான் அங்கே வழக்கம். அவரை விட வேகமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

நான் தேர்வாணையப் பரீட்சை எழுதி அரசு வேலைக்குப் போனது அந்த வழக்கத்துக்குப் பயந்துதான். அரசாங்கத்தில் கல்யாணம் ஆனால் போ என்று சொல்லமாட்டார்கள். 1989-ல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகு எங்கள் செக்‌ஷனிலேயே முகங்கள் மாறின. அதுவரை பெண்கள் கழிப்பறைக்கு இரண்டு மாடி ஏறிப் போக வேண்டியிருந்த அலுவலகத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று கட்டினார்கள். எண்ணிக்கை கூடினால்தான் தண்ணீர்க் குழாய்கூட வருகிறது என்பதை நான் அங்கே பார்த்தேன்.

மகள் பிறந்தபோது எனக்குக் கிடைத்த பிரசவ விடுப்பு 90 நாள். இன்று தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 12 மாதம். 90 நாள் முடிந்து திங்கட்கிழமை காலை நான் பஸ் ஏறியபோது குழந்தை யார் கையில் இருந்தது? என் மாமியார் ஊருக்குப் போயிருந்தார். அம்மாவுக்குத் தையல் வேலை. ஆயாவின் இடுப்பில்தான் இருந்தது.

ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த நகரத்துப் பெண்கள் ஆபீசுக்குப் போன கதையைச் சொல்ல முடியாது. பக்கிங்காம் கால்வாய் ஓரக் குடிசையிலிருந்து விடிகாலை அஞ்சு மணிக்கு வருவார். கூடவே பாவாடை கட்டிய அவர் மகளும் வரும். ஆறு வீட்டுப் பாத்திரம், வாசல் தெளித்துக் கோலம், இரண்டு வீட்டுத் துணி. ஒன்பது மணிக்கு வீட்டுக்கு ஓடிப் போய் உலை வைத்துவிட்டு, பதினொரு மணிக்குத் திரும்ப வந்து என் மகளைத் தூங்க வைப்பார். நாலு தெரு தூரம் என்பதால் இதெல்லாம் நடந்தது. அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாதி வேலையில் போய்ப் பார்த்துவிட்டு வர முடிந்தது. எனக்கு வந்த ஒவ்வொரு இன்கிரிமென்ட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதை நான் சம்பளமாகக் கூட்டிக் கொடுத்தேன், ஆனால் அது அவருக்குப் பென்ஷனாகவில்லை, விடுப்பாகவில்லை. எனக்குக் கிடைத்த 90 நாளில் ஒரு நாள்கூட அவர் தன் நாலு பிரசவத்தில் வாங்கியதில்லை. 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டாலும், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நலவாரியம் 2007-ல்தான் வந்தது. அதற்குள் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கால்வாய் ஓரத்துக் குடிசைகளை எடுத்தபோது ஆயாவின் மகள் குடும்பத்துக்குத் துரைப்பாக்கம் கண்ணகி நகரில் ஒதுக்கீடு ஆயிற்று. 2000-லிருந்து இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகரத்தின் நடுவிலிருந்து எடுத்து அங்கேயும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்களின் வேலை எப்படியோ ஒட்டிக்கொண்டது. பெண்களின் வேலை போயிற்று. நடந்து போகிற தூரத்தில் நாலு வீடு என்பதுதான் அந்த வேலையின் ஆதாரமே. இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் வாசல் தெளிக்க வா என்றால் எப்படி வருவது? ஆயாவின் மகள் ஆறு மாதம் வந்து பார்த்தாள். நாலு மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்தாள். பஸ் செலவே வருமானத்தைத் தின்றது. நின்றுவிட்டாள். பக்கத்துப் பணக்காரக் குடியிருப்புகளில் கேட்டால், விலாசம் கண்ணகி நகர் என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஒரு தாயின் கைவசம் இருந்த நாலு வீட்டைப் பிடுங்கிவிட்டு அவளுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறோம். இதை யாராவது திட்டம் போடும்போது ஒரு பெண்ணையாவது உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே ஓ.எம்.ஆர். சாலையில்தான் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. தரமணியில் டைடல் பார்க்கை 2000 ஜூலையில் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். என் மகள் இன்ஜினியரிங் முடித்து அந்தச் சாலையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். கடன் வாங்கித் துரைப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கினாள். நானும் ரிட்டையர் ஆன பிறகு அங்கே வந்துவிட்டேன். ஆயாவின் மகளும் அதே துரைப்பாக்கம். இப்போது அவளும் கண்ணாடிக் கட்டடத்துக்குத்தான் போகிறாள், காண்ட்ராக்டர் கொடுத்த சீருடையில், ஹவுஸ்கீப்பிங்குக்கு. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்குகிறது. அதில் பெயர் காண்ட்ராக்டருடையது, துடைக்கிற தரை வேறொருவருடையது. பி.எஃப். பிடிக்கிறார்கள் என்பது அவள் அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று. அதை அவள் பெருமையாகச் சொல்வாள், நானும் சந்தோஷப்பட்டேன். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது அவளுக்குச் செய்த நன்மையை நேரில் பார்த்தவள் நான். பஸ் காசு இல்லை என்பதற்காக விட்ட வேலையை, பஸ் காசு வேண்டாம் என்றானதும் திரும்பப் பிடித்த பெண்கள் அவள் தெருவிலேயே பலர்.

இரவு விஷயத்துக்கு வருகிறேன். 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை பெண்ணைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக்கூடாது என்றது. பெண்ணின் நன்மைக்கென்று எழுதப்பட்ட விதி. அந்த விதி இருந்த காலம் முழுக்க எங்கள் தெருக்கோடியில் கோஷா ஆஸ்பத்திரியில் நர்சுகளும் ஆயாக்களும் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். 1885-ல் பெண்களுக்கென்றே ஆரம்பித்த ஆஸ்பத்திரி, பெண்கள் விழித்திருந்ததால்தான் நடந்தது. மீன்காரம்மாக்கள் நடுநிசி தாண்டியதும் காசிமேட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்களைப் பாதுகாக்க யாரும் சட்டம் போடவில்லை. நல்ல சம்பளமும் ஓவர்டைமும் உள்ள இடத்தின் கதவு மட்டும்தான் ஏழு மணிக்கு மூடியது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. இரவு வேலைக்கு வைத்தால் போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் செய்து தர வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். பெண்ணை வீட்டில் பூட்டாமல் தெருவில் விளக்குப் போடச் சொன்ன தீர்ப்பு அது.

என் மகள் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்த வருஷங்களில் விடிகாலை மூன்று மணிக்குக் கம்பெனி கார் வாசலில் வந்து நிற்கும். கூடவே ஒரு செக்யூரிட்டி. திண்ணை இல்லை, பேச்சும் இல்லை. டெலிபோன் அக்காவுக்கு இப்படி ஒரு கார் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. அதே இரவில் ஷிஃப்ட் முடிந்த ஹவுஸ்கீப்பிங் பெண்கள் ஷேர் ஆட்டோ பிடிக்கச் சாலையோரம் நின்றிருப்பதையும் பால்கனியிலிருந்து பார்ப்பேன். இரவு இரண்டு பேருக்கும் பொது. கார் ஒருத்திக்குத்தான் வருகிறது.

நல்லவை நிறைய நடந்திருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1973-ல் தமிழ்நாடு போலீசில் பெண்கள் வந்தார்கள். 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ஓடிய முதல் மெட்ரோ ரயிலை ஓட்டியது ஒரு இளம் பெண். தி. நகர் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்றே கால் வீங்கிய பெண்களுக்கு, 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து உட்கார இடம் தர வேண்டும் என்றார்கள். அங்கே வேலை பார்த்த என் சித்தி மகளுக்கு முப்பது வயதிலேயே நரம்பு சுருண்டுவிட்டது. அவளுக்கு அந்தப் பிரிவு இருபது வருஷம் தாமதம். சில கடைகளில் முக்காலி இருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார்கள். கேட்டேன், யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லையாம், பயம்தான் என்றார்கள்.

அசையாமல் நிற்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். கட்டட வேலையில் பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே ஓய்கிறாள். அவளோடு அதே நாளில் கையாளாகச் சேர்ந்த பையன் கரண்டி பிடித்து, மட்டம் பார்த்து, ஐந்தாறு வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் கட்டிய வீட்டிலும் அப்படித்தான், இப்போது எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் எழும்புகிற பதினெட்டு மாடியிலும் அப்படித்தான். லிஃப்ட் வந்துவிட்டது, ரெடிமிக்ஸ் வந்துவிட்டது, தலையில் சும்மாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கரண்டியை அவள் கையில் கொடுக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை என்பதால் இது என்னை அதிகமாக வருத்துகிறது.

இப்போது ஆயாவின் பேத்தி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாள். நம் மாநிலம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: 2019-20 தொழிற்சாலை ஆய்வின்படி நாடு முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் 15.8 லட்சம். அதில் 6.79 லட்சம் பேர் தமிழ்நாட்டில். நூற்றுக்கு நாற்பத்து மூன்று. இந்தப் பெண்கள் தங்க வல்லம் வடகாலில் அரசே 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. ஐஸ் ஹவுஸில் தங்கிய டீச்சர் பாட்டியிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். பேத்தி முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கினாள். எனக்கு ஒரு புடவை கொண்டுவந்து கொடுத்தாள். நீலக் கலர் கோட்டும் தொப்பியும் போட்டு எடுத்த படத்தைக் காட்டினாள். என் கண் நிறைந்துவிட்டது.

வேலைக்கு ஆள் எடுத்த ஏஜென்ட் அவளிடம் கேட்ட முதல் கேள்வி எது என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். கல்யாணம் ஆகவில்லை என்றதும்தான் அப்ளிகேஷனை நீட்டினானாம். கல்யாணமான பெண் என்றால் லீவு கேட்பாள், உடனே பிள்ளை பெறுவாள், மெட்டியும் தாலியும் போட்டுக்கொண்டு லைனில் நிற்க முடியாது என்று அவனே காரணமும் சொல்லியிருக்கிறான். இது அவள் ஒருத்தியின் கதை மட்டுமல்ல. 2024 ஜூனில் இப்படி ஒரு பாகுபாடு செய்தியாக வெளிவந்து, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. 1976-லேயே சம ஊதியச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று சொல்லிவிட்டது. 2017-ல் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் போட்டார்கள். அருமையான சட்டம். கல்யாணமே ஆகாத பெண்களை மட்டும் எடுத்தால் 26 வாரமும் தர வேண்டாம், காப்பகத்தில் தொட்டிலும் கட்ட வேண்டாம்.

என் பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன். என் மகளின் அலுவலகத்தில் காப்பகம் இருக்கிறது, ஆனால் அது மாலை ஏழு மணிக்கு மூடிவிடும், அவள் மீட்டிங் எட்டரைக்குத்தான் முடியும். பேரன் என் உயிர். ஆனால் அறுபது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்திருக்கிற இந்த முழுநேர உத்தியோகத்தையும் எந்தக் கணக்கெடுப்பாளராவது வந்தால் நான் எழுதச் சொல்லப் போகிறேன். எங்கள் அம்மாவின் தையல் மெஷினையும் சேர்த்து எழுதச் சொல்வேன்.

போன பொங்கலுக்கு ஆயாவின் மகள் கரும்போடு வந்தாள். பேத்திக்கு வரன் பார்க்கிறார்களாம். பையன் நல்ல பையன், ஆவடியில் வேலை. கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன் என்று பெண்ணே மாப்பிள்ளை வீட்டில் நேருக்கு நேர் சொல்லிவிட்டதாம். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“கம்பெனியில சொல்லிட்டாளாடி? காண்ட்ராக்டை நிறுத்திடமாட்டாங்களே?” என்று கேட்டேன்.

“அங்க யாருகிட்டக்கா சொல்றது? ஏஜென்ட் நம்பரே மாத்திட்டான்” என்றாள்.